நைனா கேட்ட நம்பர்

1

சில மாதங்களுக்கு முன்பு எம்.பி. அலுவலகத்திலிருந்து எனக்கு போன் வந்தது. ஆஸ்பத்திரி லேபில் யாரோ ஒரு கோதுமை விவசாயியின் இரத்தத்தை மெஷினில் சுற்றவிட்டுவிட்டு நின்றிருந்தேன். பேசியவன் லியாம், எம்.பி.யின் உதவியாளன். நல்ல பையன். யாரிடம் பேசினாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பான்.

"மன்னிக்கணும் ஸ்டெல்லா. நீங்கள் எங்கள் எம்.பி.க்கு ஒரு துணி கொடுத்தீர்கள் அல்லவா? அதை அன்பளிப்புப் பதிவேட்டில் எழுத வேண்டும். அது என்ன துணி?"

"சால்வை."

"குளிருக்குப் போர்த்திக்கொள்வதா?"

"இல்லை, மரியாதைக்குப் போர்த்துவது. போர்த்தியதும் கழற்றிவிடலாம்."

கொஞ்ச நேரம் டைப் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்: "கூடவே ஓர் எலுமிச்சம்பழமும் இருந்தது. அதையும் எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. எம்.பி. அதை மீனில் பிழிந்து சாப்பிட்டுவிட்டார்."

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதில் சிரிக்க எதுவும் இல்லை என்று தெரியும். ஒரு எம்.பி.யைப் பார்க்கப் போகிறோம் என்றால் சால்வை வேண்டும், எலுமிச்சம்பழம் வேண்டும், போட்டோ எடுக்க ஒருவர் வேண்டும், பின்னால் நிற்க நாலு பேர் வேண்டும். நான் எல்லாவற்றையும் முறையாகச் செய்தேன். என் கணவர், மகள் ரூத், இந்த ஊரில் இருக்கும் இன்னொரு தமிழ்க் குடும்பம் என்று எல்லோரையும் திரட்டிக்கொண்டு போனேன். எம்.பி. தனியாக உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் ஏதோ போராட்டம் என்று நினைத்து லியாம் கதவை மூடப் பார்த்தான்.

ஆஸ்திரேலியாவுக்கு வந்து இந்த மாதத்தோடு பன்னிரண்டு வருடம் ஆகிறது. இன்னும் இப்படித்தான் இருக்கிறேன்.

2

எங்கள் எம்.பி.யின் பெயர் பெவ். எந்தக் கட்சியும் இல்லை, சுயேச்சை. அதற்கு முன் கால்நடை மருத்துவராக இருந்தவர். பசுவின் வயிற்றுக்குள் தோள் வரைக்கும் கையை விட்டுப் பழகியவருக்கு பார்லிமெண்ட் ஒன்றும் பெரிய அருவருப்பு இல்லை என்று அவரே சொல்வார். ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, சூப்பர் மார்க்கெட் வாசலில் மடக்கு மேஜை போட்டு உட்காருவார். கார் வரிசை கிடையாது, கொடி கிடையாது, கட் அவுட் கிடையாது. வந்த புதிதில் அவர் லாட்டரிச் சீட்டு விற்கிறார் என்று நினைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி ஒரு வருடம் அவரைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

அவரிடம் நான் போனது நைனாவுக்காக. எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். அது தெலுங்கு என்று யாரும் சொல்லித் தராததால் தமிழ் என்றே நினைத்து வளர்ந்தேன். நைனாவின் பெயர் மோசஸ். எழுபத்து நாலு வயது. அம்மா போய் ஐந்து வருடம் ஆகிறது. நான் ஒரே பிள்ளை. மூன்று மாதம் வந்து இருந்துவிட்டுப் போகட்டும் என்று சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்தேன். மறுத்துவிட்டார்கள்.

மறுப்புக் கடிதத்தில் காரணம் தெளிவாக இருந்தது. விண்ணப்பதாரர் மனைவியை இழந்தவர். ஒரே மகள் இங்கே வசிக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே சொந்த ஊருக்குத் திரும்பிச் செல்ல அவருக்கு வலுவான காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

போனில் நைனாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"திரும்பிப் போவ காரணம் இல்லியா? நான் இன்னா அங்க வந்து ஆட்டுப் பட்டியில ஒளிஞ்சிகினு இருக்கப் போறனா?" என்றார். பிறகு குரல் மாறியது. "ரிட்டயர்டுன்னு யாரு எழுதனது?"

"நான்தான் நைனா."

"கவுன்சிலர்னு ஏன் எழுதல?"

படிவத்தில் தொழில் என்ற கட்டத்தைப் பார்த்ததும் ஓய்வு பெற்றவர் என்று என் கை தானாக எழுதிவிட்டது. அவர் கவுன்சிலர் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை. அதை நான் ஒரு வேலையாகவே நினைத்ததில்லை. வயசான காலத்தில் பொழுது போக ஏதோ செய்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

"ஒரு வார்டே காலைல எந்திரிச்சா என் மூஞ்சிலதான் முழிக்குது. நீ என்னை ரிட்டயர்டு பண்ணிட்ட," என்று வைத்துவிட்டார்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூன்று மாதம் என்று எழுதினேனே தவிர என் மனதில் இருந்தது வேறு. முதலில் வரட்டும், வந்த பிறகு ரூத்தை விட்டுக் கெஞ்சி, பல் வலி, முழங்கால் வலி என்று ஏதாவது சொல்லி நிறுத்திவைத்துக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம். அந்த வீட்டில் அவர் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதை வீடியோவில் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஆக, அந்த விசா அதிகாரி தப்பாக எதுவும் எழுதவில்லை. என் மனதைப் படித்துவிட்டு நைனா மேல் எழுதிவிட்டார்.

3

நைனா கவுன்சிலர் ஆன கதையைச் சொல்ல வேண்டும்.

ஜி.எஸ்.டி. சாலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவில், கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில் ஓர் ஊர். பெயரைச் சொன்னால் நைனாவிடம் தோற்றவர் வழக்குப் போட்டாலும் போடுவார், ஆகவே வேண்டாம். நைனா இருபத்தெட்டு வருடம் ரயில்வேயில் கேட் கீப்பர். எங்கள் தாத்தா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். நைனாதான் எங்கள் தெருவிலேயே முதல் சம்பளக்காரர். ஓய்வு பெற்ற பிறகும் அவருக்கு வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. தெருவில் மழைத்தண்ணீர் தேங்கிச் சாக்கடையோடு வீட்டுக்குள் வந்தபோது, ஒவ்வொரு கட்சி அலுவலகமாகப் போய் சீட் கேட்டார். எல்லாக் கட்சியிலும் கேட்டார், ஒன்றையும் விடவில்லை. கொள்கையில் அவ்வளவு பரந்த மனசு. யாரும் கொடுக்காததால் சுயேச்சையாக நின்றார்.

ஒதுக்கப்பட்ட சின்னம் கட்டில்.

ஷேர் ஆட்டோ ஓட்டும் கஜாதான் அவருடைய தேர்தல் ஏஜென்ட், பிரசாரகர், தொண்டர் படை எல்லாம். கஜா ஒரு நாடாக் கட்டிலைத் தூக்கி ஆட்டோ மேல் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றினான். "உங்கள் பொன்னான வாக்குகளைக் கட்டில் சின்னத்தில்" என்று அவன் மைக்கில் கத்தும்போது பெண்கள் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திக்கொண்டார்களாம். இரண்டு பெரிய கட்சிக்காரர்களும் ஒருவரை ஒருவர் கவிழ்ப்பதில் மும்முரமாக இருந்ததில், நடுவில் கட்டில் நுழைந்துவிட்டது. தேர்தல் முடிந்தும் கட்டில் வீட்டுக்குள் போகவில்லை. வேப்பமரத்தடியில் போட்டார், அதுவே கவுன்சிலர் ஆபீஸ் ஆனது.

அங்கே அவர் செய்த வேலையைப் புரிந்துகொள்ள கேட் கீப்பர் வேலை தெரிந்திருக்க வேண்டும். வண்டி வருகிறது, கேட்டை மூடு என்று ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொல்வார். மூடிவிட்டேன் என்று கேட் கீப்பர் சொன்னால் போதாது. அவரிடம் அச்சடித்த தாள் ஒன்று இருக்கும், அதில் வரிசை இல்லாமல் இரட்டை இலக்க எண்கள். அதிலிருந்து அடுத்த எண்ணைப் படிக்க வேண்டும். பிரைவேட் நம்பர் என்பார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் நேரத்தோடு அதை எழுதிக்கொள்வார், நைனா தன் தாளில் அதை அடித்துவிடுவார். நம்பர் கொடுத்துவிட்டால் கேட் மூடியிருக்கிறது என்று அர்த்தம். மூடாமல் நம்பர் கொடுத்தால் யாராவது சாவார்கள். ஆகவே அந்த வேலையில் யாரும் விளையாட்டுக்குக்கூட நம்பர் சொல்ல மாட்டார்கள். சின்ன வயதில் நான், "குளிச்சிட்டேன் நைனா," என்று சொன்னால், "நம்பர் குடு," என்பார். குளிக்காத நாட்களில் எனக்கு நம்பர் வராது. ஏன் வராது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

கவுன்சிலரான பிறகு அதை அப்படியே நகராட்சிக்குக் கொண்டுபோனார். முதல் மாதம் பொறியாளரிடம் கால்வாய் அடைப்புக்கு மனு கொடுத்தார். அடுத்த வாரம் முடித்துவிடலாம் என்று சொன்னார் பொறியாளர்.

"நம்பர் குடுங்க சார்."

"என்ன நம்பர்? மனு நம்பரா?"

"இன்னா நம்பராவது குடுங்க. ரெண்டு எழுத்து."

பைத்தியம் என்று நினைத்து அவரும் சிரித்துக்கொண்டே, "நாற்பத்தி ரெண்டு," என்றிருக்கிறார். நைனா நோட்டை எடுத்து, மணி பார்த்து, நாற்பத்தி ரெண்டு என்று எழுதி, அவர் பெயரையும் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்றார். "தலைவர் அவர்களே, நாப்பத்தி ரெண்டு இன்னாச்சு?" அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பக்கத்து உறுப்பினர்களுக்கும் புரியவில்லை. புரியாததைப் பற்றி எதிர்ப்பக்கம் எதற்கு இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று இரண்டு பக்கமும் சந்தேகப்பட்டன. எல்லோரும் பொறியாளரைப் பார்த்தார்கள். அந்த வாரமே அடைப்பு எடுக்கப்பட்டது.

அதற்குப் பிறகு, "மோசஸ் அண்ணே, நம்பர் மட்டும் கேக்காதீங்க, முடிச்சிட்டு நானே குடுக்கறேன்," என்று அதிகாரிகள் கெஞ்ச ஆரம்பித்தார்கள். செய்ய மனசில்லாதவனுக்கு "பாக்கலாம் சார்" என்று சொல்ல வருமே தவிர ஒரு நம்பரைச் சொல்ல வராது. இது நைனாவின் மொத்த அரசியல் சித்தாந்தம். பொத்தேரி கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் எங்கள் தெரு மாடிகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஓட்டு எல்லாம் அவரவர் ஊரில். அவர்கள் வந்து நாய்த் தொல்லை என்று சொன்னால் அதற்கும் நோட்டில் ஒரு பக்கம், ஒரு நம்பர்.

4

இதையெல்லாம் பெவ்விடம் சொல்லத்தான் சால்வையோடு போனேன். சால்வை, போட்டோ, அறிமுகம் எல்லாம் முடிந்து, மற்றவர்கள் கிளம்பிய பிறகு அவர் நேராகக் கேட்டார். "உங்கள் அப்பா திரும்பிப் போவார் என்பதற்கு என்ன அத்தாட்சி?"

அவர் கவுன்சிலர், சுயேச்சை என்றேன். பெவ் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டார்.

"சுயேச்சையா? ஒருத்தர்தானா? மன்றத்தில் அவரை எங்கே உட்கார வைக்கிறார்கள்?"

"கதவுக்குப் பக்கத்தில். மின்விசிறி இல்லாத இடம்."

"என்னைத் தூணுக்குப் பின்னால்," என்றார் பெவ். உலகத்தில் சுயேச்சைகளுக்கு என்றே ஒரு தனி சாதி இருக்கும் போலிருக்கிறது. நம்பர் விஷயத்தைச் சொன்னதும் இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, மீண்டும் விண்ணப்பியுங்கள், அவர் வேலை செய்வதற்கு ஆதாரம் அனுப்புங்கள், நான் கடிதம் எழுதித் தருகிறேன் என்றார்.

ஆதாரம் என்று கேட்டது நைனா மூலம் கஜாவின் காதில் விழுந்தது பெரிய தப்பாகிவிட்டது. மறுநாளே வாட்ஸ்அப்பில் நாற்பது போட்டோ. பெரும்பாலும் கஜாவின் கட்டை விரல். நன்றாக வந்திருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து எம்.பி. அலுவலகத்துக்கு அனுப்பினேன். வேப்பமரத்தடியில் கட்டில். கட்டில் மேல் நைனா கொஞ்சம் சாய்ந்த நிலையில். சுற்றிலும் பதினைந்து பேர், எல்லோரும் கவலையான முகத்தோடு. ஓர் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

சாயங்காலம் லியாம் கூப்பிட்டான். "மன்னிக்கணும் ஸ்டெல்லா. எங்களுக்கு இது தெரியாது. உங்கள் அப்பாவுக்கு எத்தனை நாளாக இப்படி?"

"எப்படி?"

"கடைசி நேரத்தில் எல்லோரும் கூடியிருப்பது... பார்க்கவே நெகிழ்ச்சியாக இருக்கிறது."

அது கவுன்சிலர் ஆபீஸ், அந்தக் கட்டில் தேர்தல் சின்னம், அந்த அம்மா ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வந்தவர், வாய்க்குள் வெற்றிலை என்று விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. கட்டில் சின்னத்தை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், எப்படிச் சொன்னாலும் விபரீதமாகத்தான் வருகிறது.

பக்கத்தில் இருந்த ரூத் போட்டோவை வாங்கிப் பார்த்தாள். பதினைந்து வயது. தமிழ் புரியும், பேச வெட்கம். பள்ளியில் அவளை எந்த ஊர் என்று கேட்டால் இந்த ஊர் பெயரைத்தான் சொல்கிறாள், நியாயம்தான். "தாத்தா எதுக்குத் தெருவுல படுத்திருக்காரு?" என்று அவளும் கேட்டாள். நான் சொல்லச் சொல்ல, அந்தப் பதினைந்து பேரையும் ஒவ்வொருவராகப் பெரிதாக்கிப் பார்த்தாள். எனக்கு அதில் ஏழு பேரை யார் என்றே தெரியவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்து மனு நோட்டின் பக்கங்கள் வந்தன. அதோடு வார்டு மக்கள் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று. ஆஸ்திரேலிய அரசுக்கு என்று ஆரம்பித்து, மிகவும் பணிவாக, "எங்கள் கவுன்சிலரை அனுப்பிவைக்கிறோம். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவும்," என்று முடிந்தது. பாத்திரம் இரவல் கொடுப்பது போல. நான் மொழிபெயர்த்து அனுப்பினேன். ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை.

5

பெவ் கடிதம் எழுதினார். அதோடு நிற்கவில்லை. பார்லிமெண்டில் சுயேச்சைகளுக்குப் பேசக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். பெரும்பாலும் பாதிப் பேர் எழுந்து போய்க்கொண்டிருக்கும் நேரத்தில். அந்த ஒன்றரை நிமிடத்தில், பெற்றோரைப் பார்க்க முடியாமல் இருக்கும் குடும்பங்களைப் பற்றிப் பேசினார். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியே அந்தக் குடும்பங்களால்தான் ஓடுகிறது என்றார். கடைசியில், "செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு சுயேச்சை கவுன்சிலர் இருக்கிறார்" என்று ஆரம்பித்து, செங்கல்பட்டை உச்சரிக்க முயன்று மூன்று இடத்தில் தடுக்கி விழுந்து எழுந்து, நைனாவின் நம்பர் முறையைச் சொல்லி, இவர் நிச்சயம் திரும்பிப் போவார் என்றார். பிறகு அமைச்சர் இருந்த பக்கம் திரும்பி, "இந்த விஷயம் பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னீர்கள். எனக்கும் ஒரு நம்பர் கொடுங்கள்," என்றார். சபையில் சிரிப்பு. அமைச்சரும் சிரித்தார். நம்பர் கொடுக்கவில்லை.

வீடியோவை நைனாவுக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகு நடந்தது என் கையில் இல்லை. இரண்டே நாளில் எங்கள் தெருமுனையில் ஃப்ளெக்ஸ். இடது பக்கம் நைனா கும்பிடுகிறார். வலது பக்கம் நான் போர்த்திய சால்வையோடு பெவ் சிரிக்கிறார். நடுவில் கட்டில். கீழே, "ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தில் ஒலித்த எங்கள் வார்டின் குரல்". மூலையில் கஜா, கூலிங் கிளாஸோடு.

"இது பேஜாரு புடிச்ச வேலை கஜா, முதல்ல கழட்டு," என்றேன் போனில்.

"இன்னாக்கா நீ? எதிர்க்கட்சிக்காரனே நின்னு பாத்துகினு போறான். அந்த வெள்ளைக்காரம்மா நம்ம கட்சில சேந்துட்டாங்களான்னு கேக்கறான்."

"நமக்கு ஏதுடா கட்சி?"

"அத்ததான் நானும் சொன்னேன். அவங்களுக்கும் இல்லன்னேன்."

பெவ்விடம் ஃப்ளெக்ஸ் படத்தைக் காட்டினேன். அவருக்கு அவருடைய தொகுதியிலேயே யாரும் இவ்வளவு பெரிதாகப் படம் வைத்ததில்லை. பதிவேட்டில் இதையும் எழுத வேண்டுமா என்று லியாம் கவலைப்பட்டான்.

விசா வந்துவிட்டது. ஒரு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். லேபில் நின்று மின்னஞ்சலைப் படித்துவிட்டு அழுதேன். எனக்கு அப்படி எளிதில் அழுகை வராது.

6

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சில் பூசை முடிந்து வந்து, இங்கே மதியச் சாப்பாடு ஆகும் நேரத்தில் அங்கே நைனா கட்டிலுக்கு வந்திருப்பார். நாஸ்தா முடித்து, கையில் நோட்டோடு. நான் விமான டிக்கெட் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். செப்டம்பரில் வா நைனா, இங்கே அப்போது குளிர் குறைந்திருக்கும், ரூத்துக்கும் லீவு என்றேன்.

"செப்டம்பரா? அதெப்டிம்மா. புதுக் கால்வா பாதிதான் வெட்டிக்கீறான். அப்புறம் மழை ஆரம்பிச்சிடும். நான் இல்லன்னா மண்ணைப் போட்டு மூடிட்டு பில்லு எழுதிடுவானுங்க."

"சரி, மழை முடிஞ்சு நவம்பர்ல?"

"நவம்பர்லதான் மழையே. ரெண்டாந்தேதி கல்லறைத் திருநாள் வேற கீது. அம்மாவுக்கு யாரு போவா?"

அம்மாவின் ஊர் நெம்மேலி. கடல் சத்தம் கேட்கும் இடத்தில்தான் புதைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். ஒவ்வொரு வருடமும் நவம்பர் இரண்டாம் தேதிக்கு முந்தின நாளே நைனா செங்கல்பட்டு போய், அங்கிருந்து மாமல்லபுரம் பஸ், பிறகு இன்னொரு பஸ் என்று மாறி மாறிப் போவார். கையில் சுண்ணாம்பு டப்பா, பிரஷ், சாமந்திப்பூ. உப்புக் காற்று ஒரு வருடத்தில் பெயரைத் தின்றுவிடும். அவர்தான் கறுப்புப் பெயிண்டால் அம்மா பெயரைத் திரும்ப எழுதுவார்.

நான் அங்கே ஒரு தடவைதான் நின்றிருக்கிறேன். அம்மா செத்தபோது டிக்கெட் கிடைத்து, இரண்டு விமானம் மாறி வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. ஈர மண்ணைத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு போகவில்லை. ஒரு வருடம் குடியுரிமைப் பரீட்சை, ஒரு வருடம் வீட்டுக் கடன், ஒரு வருடம் ரூத்தின் பள்ளி மாற்றம், அப்புறம் லேபில் ஆள் இல்லை. அடுத்த வருஷம் வர்றேன் நைனா, அடுத்த வருஷம் நிச்சயம். ஐந்து முறை சொல்லியிருக்கிறேன். ஐந்து முறையும், "சரிம்மா," என்றுதான் சொன்னார்.

இதெல்லாம் மனதில் இருந்தும் எனக்குக் கோபம்தான் வந்தது. "நான் இங்க எம்.பி. காலைப் பிடிச்சு, பார்லிமெண்ட் வரைக்கும் போய் வாங்கியிருக்கேன். நீ கால்வாய் கதை சொல்றே. வர இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லிடு."

"இஷ்டம் இல்லாம இன்னா? அந்தம்மா அத்தினி பேர் எதிர எந்திரிச்சி, இவுரு திரும்பிப் போயிடுவாருன்னு வாக்கு குடுத்துக்கீது. திரும்பிப் போவணும்னா மொதல்ல வந்து தான ஆவணும்? வரேன். பொங்கல் முடிஞ்சி வரேன்."

"எப்பவும் இப்படித்தான் சொல்லுவே."

"நான் எப்ப சொன்னேன்?"

உண்மைதான். அப்படிச் சொல்வது நான். அவர் இல்லை. ஆனாலும் விடவில்லை. "நம்பர் குடு," என்றேன்.

ஒரு விநாடிகூட ஆகவில்லை. "அறுவத்தி ஏழு. எழுதிக்கோ. மணி போடு."

எழுதினேன். பன்னிரண்டே முக்கால், அறுபத்தி ஏழு, மோசஸ். ஃப்ரிட்ஜ் மேல் காந்தம் வைத்து ஒட்டினேன். அவ்வளவு நாள் என் நெஞ்சில் இருந்த பாரம் சட்டென்று இறங்கியது. டிக்கெட் கையில் கிடைத்திருந்தால்கூட இவ்வளவு நிம்மதி வந்திருக்காது. வந்து மூன்று மாதம் இருப்பார், பிறகு திரும்பிப் போய்விடுவார். நிறுத்திவைத்துக்கொள்ளும் திட்டமெல்லாம் நடக்காது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஒரு வார்டு முழுக்கக் கையெழுத்துப் போட்டு இரவல் கொடுத்த ஆள்.

அந்தப் பக்கம் பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"சரி, இப்ப நீ சொல்லு. இந்தக் கல்லறைத் திருநாளுக்கு நீ வரியா?"

"வர்றேன் நைனா."

"நம்பர் குடு."

ரூத் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு முன்னால் பத்திலிருந்து தொண்ணூற்றொன்பது வரைக்கும் எல்லா எண்களும் இருந்தன. ஏதாவது ஒன்றைச் சொன்னால் போதும். அவர் எழுதிக்கொள்வார். இருபத்தி மூன்று என்று சொல்லலாம். ஐம்பத்தி நாலு என்று சொல்லலாம். லீவு கேட்க வேண்டும், ரூத்துக்குப் பரீட்சை, லேபில் எனக்கு மாற்று இன்னும் வரவில்லை. வாய் திறந்தேன், வரவில்லை.

நைனாவைத் திரும்பிப் போவாரா என்று கேட்டு இரண்டு தடவை விண்ணப்பம் போட வைத்தார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது என்னை யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஒருவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"ஹலோ," என்றேன். "ஹலோ, நைனா, நீ பேசறது விட்டு விட்டுக் கேக்குது. லைன் சரியில்லை."

தெளிவாகத்தான் கேட்டது. கஜாவின் ஆட்டோ ரிவர்ஸ் எடுப்பது கேட்டது. வேப்பமரத்தில் காக்கை கத்துவது கேட்டது. யாரோ ஒரு பெண், "கவுன்சிலரே, என் மனு இன்னாச்சு?" என்று கேட்டதும், நைனா அவளிடம், "செத்த இரும்மா," என்று சொன்னதும் கேட்டது.

இருபத்தெட்டு வருடம் போனைக் காதில் வைத்துக்கொண்டு வண்டிக்காகக் காத்திருந்த மனிதர். அவருக்கு லைன் எப்போது சரியில்லை, எப்போது சரியாக இருக்கிறது என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

"பரவால்லம்மா," என்றார். "கேக்கற வரைக்கும் நான் லைன்லயே கீறேன்."